முதலைக்குச் சங்கிலி, எங்களுக்குப் பதக்கம்

லாச்சப்பலில் ராஜராஜன் இப்போது கழுத்தில் தொங்குகிறான். மெற்றோவால் இறங்கி நடந்தால் நகைக்கடைக் கண்ணாடிக்குள் பதக்கமாகவும், இளம்பிள்ளைகளின் ரீசேட்டில் படமாகவும், கலியாண மண்டபச் சோடனையிலும் அவனுடைய பழைய காசின் உருவத்தைக் காணலாம். போன வருடப் பொங்கல் விழாவொன்றில் ஒரு பெரியவர் அந்தக் காசைத் திரையில் பெரிதாகக் காட்டி, ரோமாபுரிக்கு மிளகு விற்றவர்கள் நாங்கள், கடல் கடந்து நாடு பிடித்தவர்கள் நாங்கள் என்று பேசினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. நாங்களும் தட்டினோம். பிறகு மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சாப்பாட்டுத் தட்டுக்களை அள்ளினோம். லீவு நாளிலும் எங்களுக்குக் கிடைக்கிற வேலை அதுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிரானது. எங்கள் கைகளும் அதில் இருந்தபடியால் எங்களுக்கும் எதிரானது.

நாங்கள் வரலாற்று அறிஞர்கள் அல்ல. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, மிச்சத்தை யுத்தத்திடம் விட்டுவிட்டு வந்தவர்கள். பாரிசில் நாங்கள் எடுத்த பட்டம் கோப்பை கழுவுதல். எங்கள் றெஸ்ரோறன்ற் பூர்ஸ் பக்கம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்பவும் குசினியில் நிற்கவேண்டும். அறை புறநகரில். இடையில் உள்ள மூன்று மணித்தியாலத்தில் அங்கே போய்வர முடியாது. ஆகவே நடப்போம். பக்கத்தில் விவியென் வீதி. பழைய நாணயக் குற்றிகள் விற்கும் கடைகள் அந்த வட்டாரத்தில் வரிசையாக இருக்கின்றன. அதற்கு அருகே ரிஷெலியூ வீதியில் தேசிய நூலகத்தின் பழைய கட்டடம். பிரெஞ்சு அரசர்கள் சேர்த்த நாணயங்கள் எல்லாம் அங்கேதான். திங்கட்கிழமை எங்களுக்கு லீவு. திங்கட்கிழமை அந்த அருங்காட்சியகமும் பூட்டு. எனவே எங்கள் படிப்பு கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று படித்த படிப்பு.

அந்தக் கண்ணாடிக்குள்தான் ஒரு வெண்கலக் குற்றியைக் கண்டோம். தென் பிரான்சின் நீம் நகரத்தில், ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் அடித்தது. ஒரு பக்கத்தில் பிடரியோடு பிடரி ஒட்டிய இரண்டு தலைகள். ஒன்று அகஸ்டஸ், மற்றது அவனுடைய தளபதி அக்ரிப்பா. மறுபக்கத்தில் ஒரு மரம். முதற் பார்வைக்குப் பனை என்றே நினைத்தோம். யாழ்ப்பாணத்துக் கண்ணுக்கு வேறென்ன தெரியும். அது பேரீச்சை. அந்த மரத்தில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு முதலை.

எங்களோடு குசினியில் ஓர் எகிப்தியர் வேலை செய்கிறார். ஒரு நாள் அவரும் கூட வந்தார். கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எங்கட மிருகம், இதை ஏன் கட்டி வைச்சிருக்கிறாங்கள்?" என்று உடைந்த பிரெஞ்சில் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்துதான் நாங்கள் யோசிக்கத் தொடங்கினோம்.

கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் கிளியோபாத்ராவும் அந்தோனியும் தோற்றார்கள். அடுத்த வருடம் எகிப்து ரோமின் சொத்தாயிற்று. முதலை என்றால் எகிப்து. சங்கிலியின் அர்த்தத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் காசு எகிப்தில் அடிக்கப்பட்டதல்ல. முதலையைக் கண்ணாலும் கண்டிராத நீம் நகரத்தில் அடிக்கப்பட்டது. நீம் இருந்த நிலமும் அதற்கு ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்னர் ரோமிடம் விழுந்த நிலந்தான். தோற்ற ஒரு சனத்தின் கையில், தோற்ற இன்னொரு சனத்தின் படத்தைக் கொடுத்து, இது உன்னுடைய வெற்றி, கொண்டாடு என்றது ரோம். பேரரசின் மிகப் பெரிய கெட்டித்தனம் இதுதான். படையால் பிடிப்பது முதல் வேலை. பிடிபட்டவனை அடுத்தவன் பிடிபட்டதற்குக் கைதட்ட வைப்பது இரண்டாவது வேலை. இரண்டாவது வேலை முடிந்தால் முதலாவதற்கு அவ்வளவாகச் செலவில்லை.

நீம்காரர்கள் இன்றைக்கும் கைதட்டுகிறார்கள். 1535இல் முதலாம் பிரான்சுவா மன்னன் அந்த முதலையையும் மரத்தையும் நகரத்துக்குச் சின்னமாகவே கொடுத்தான். அவர்களுடைய உதைபந்தாட்டக் கழகத்தின் இலச்சினையிலும் முதலை இருக்கிறது. யாருடைய கழுத்துச் சங்கிலி என்று கேட்பார் இல்லை. இரண்டாயிரம் வருடத்தில் சங்கிலி ஓர் அலங்காரம் ஆகிவிட்டது.

நீம் ஒரு தனிச் சம்பவமல்ல. ரோமின் கிழக்கு மாகாணங்களில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்கள் தம் பெயரில் வெண்கலக் காசு அடித்தன. முன்பக்கம் பெரும்பாலும் பேரரசனின் தலை. பின்பக்கம் அந்தந்த ஊரின் தெய்வம், கோயில், ஆறு. எபேசு நகரத்தார் தங்கள் ஆர்ட்டெமிஸ் அம்மனைப் போட்டார்கள். அலெக்சாந்திரியாக்காரர் நைல் நதியைப் போட்டார்கள். எழுத்துக்களும் லத்தீனில் அல்ல, பெரும்பாலும் கிரேக்கத்தில். உன்னுடைய மொழியை நீ வைத்துக்கொள், உன்னுடைய தெய்வத்தையும் வைத்துக்கொள், முன்பக்கத்தை மட்டும் எனக்குத் தா என்பதுதான் ஒப்பந்தம். பொன்னைப் பொதுவாக ரோம் தன் பிடியில் வைத்துக்கொண்டு, அன்றாடச் சில்லறையை மாகாணங்களிடம் விட்டது. அதுவும் ரோமுக்கு வசதியாக இருக்கும் மட்டும்தான். மேற்கில் முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு இந்த உரிமை நின்றது. கிழக்கில் மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், டயோக்கிளேசியன் காலத்தில் அடியோடு முடிந்தது.

மாகாணம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. 1987இல் இலங்கை அரசியலமைப்புக்குப் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. மாகாண சபை வந்தது. காணி, பொலிஸ் அதிகாரங்கள் கடதாசியில் வந்து கடதாசியிலேயே தங்கின. முன்பக்கத்தில் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர், பின்பக்கத்தில் எங்கள் கொடி, எங்கள் மொழி, எங்கள் முதலமைச்சர். 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு வடக்கும் கிழக்கும் பிரிக்கப்பட்டன. 2013இல் முதற்தடவையாகத் தெரிவான வடமாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. இதைச் சுயாட்சி என்று சொல்லிக் கூட்டம் கூட்டுபவர்கள் ஒரு தரம் விவியென் வீதிக்கு வந்து கண்ணாடிக்குள் பார்க்கட்டும். வெண்கலத்தைத் தந்துவிட்டுப் பொன்னை வைத்துக்கொள்ளும் தந்திரம் கொழும்பில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல.

தோற்றவர்களின் முகத்தையே காசில் அடித்ததும் ரோம்தான். கி.பி. 70இல் எருசலேம் கோயில் எரிக்கப்பட்டது. அதன் பிறகு வெஸ்பாசியனும் அவன் மகன் தீத்துவும் அடித்த காசுகளில் ஒரு பெண் பேரீச்சை மரத்தடியில் குந்தியிருந்து அழுகிறாள். அவள்தான் யூதேயா. யூதர் வாழ்ந்த அந்த மண்ணிலேயே கிரேக்க எழுத்தோடு, வெண்கலத்தில், யூதேயா பிடிபட்டது என்று சொல்லும் காசு புழக்கத்தில் விடப்பட்டது. அதாவது அந்தப் பெண்ணின் பிள்ளைகள் கடையில் சாமான் வாங்குவதற்குத் தங்கள் தாய் அழும் படத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

132இல் பார் கொக்பா தலைமையில் யூதர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் புதிதாக உலோகம் உருக்கவில்லை. கையில் இருந்த ரோமக் காசுகளையே எடுத்து, பேரரசனின் தலைக்கு மேலே தங்கள் கோயிலையும் திராட்சைக் குலையையும் ஓங்கி அடித்தார்கள். சில குற்றிகளில் புதிய உருவத்துக்குக் கீழே பழைய தலை இன்னும் மங்கலாகத் தெரியும். 135இல் அந்தக் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. எருசலேமின் பெயர் ஏலியா கப்பித்தோலினா என்று மாற்றப்பட்டது. யூதர் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று தடை வந்தது. அந்தப் புதிய குடியேற்றத்தின் வெண்கலக் காசில் பேரரசன் ஹேட்ரியன் மாடு பூட்டி உழுகிறான். பின்னால் படையணியின் கொடி நிற்கிறது. முன்னால் கலப்பை, பின்னால் இராணுவம், ஊருக்குப் புதுப் பெயர். மணலாறு வெலிஓயா ஆன கதையை ஒரு குற்றியில் வரையச் சொன்னால் வேறு எப்படி வரையலாம்?

இனி எங்கள் வீட்டுக் கதை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அதே வருடம் நவம்பரில் இலங்கை மத்திய வங்கி புதிய ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை வெளியிட்டது. முன்பக்கத்தில் இரு கைகளையும் உயர்த்திச் சிரிக்கும் மகிந்த ராஜபக்ச. பின்பக்கத்தில் கொடி ஏற்றும் படையினர். நாங்கள் இங்கே அடுப்படியில் வெந்து உழைத்த யூரோக்களை உண்டியலில் போட்டால், வன்னியில் எங்கள் தாய்மார் கையில் அது இந்தத் தாளாகத்தான் போய் விழுந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த தாய்க்கு, மகனைத் தொலைத்த வெற்றியின் படம். அரிசிக்கும் அதுதான், மருந்துக்கும் அதுதான், காணாமற் போனவனுக்குக் கோயிலில் அருச்சனை செய்வதற்கும் அதுதான். அழும் யூதேயாவைக் காசில் கண்ட சனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவும் வாசித்து நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். ரோமைத் திட்டினால், கொழும்பைத் திட்டினால் லாச்சப்பலில் எல்லோரும் தலையாட்டுவார்கள். இனிமேல்தான் கோபம் வரும்.

பதக்கத்தில் தொங்கும் ராஜராஜன் காசைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் அமர்ந்திருக்கும் மனிதன். அவன் கைக்குக் கீழே "ஸ்ரீ ராஜராஜ" என்று எழுதியிருக்கிறது. எந்த எழுத்தில்? நாகரியில். தமிழன் என்று காட்டுவதற்காக நாங்கள் மாட்டித் திரியும் காசில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. அதற்கு வெகுகாலம் முன்னரே சேர மன்னன் ஒருவன் தன் வெள்ளிக் காசில் மாக்கோதை என்று தமிழில், பழைய பிராமி எழுத்தில் போட்டிருக்கிறான். ஆனால் அவனுடைய தலை ரோமப் பேரரசர்களின் தலையைப் பார்த்துச் செய்தது போலவே இருக்கிறது. ரோமின் படை அவனிடம் வரவில்லை. ரோமின் காசு வந்தது, அது போதுமாயிருந்தது.

சோழரின் பொன், வெள்ளிக் காசுகளில் ஒரு புலி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மீன் இருக்கிறது, வில் இருக்கிறது. மீன் பாண்டியன், வில் சேரன். மூவேந்தர் ஒற்றுமை என்று எங்கள் பேச்சாளர்கள் இதற்கு உரை சொல்வார்கள். ஒற்றுமையாம்! நீமின் முதலைக்குச் சங்கிலி வெளியே தெரிகிறது, மதுரையின் மீனுக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். படையெடுப்பில் ஊர் எரிந்த பாண்டி நாட்டு உழவனும் தமிழன்தான். அந்தக் காசை எண்ணி அவன் வரி கட்டியபோது அவனுக்குப் பெருமையாக இருந்திருக்குமா?

சோழர் 993 அளவில் அனுராதபுரத்தைப் பிடித்தார்கள். 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1070இல் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். துரத்தியவன் பிறகு என்ன காசு அடித்தான்? அதே நிற்கும் மனிதன், அதே அமர்ந்த மனிதன், அதே நாகரி. பெயர் மட்டும் விஜயபாகு. அவனுக்குப் பின் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி என்று இருநூறு வருடங்களுக்கு மேலாகச் சிங்கள அரசர்கள் சோழனுடைய அச்சிலேயே தங்கள் பெயரை அடித்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் அந்த மனிதனை விடவில்லை. மறுபக்கத்தில் நந்தியையும் சேது என்ற தமிழ்ச் சொல்லையும் வைத்தார்கள். அச்சு ஒன்று, பெயர்கள் பல. வென்றவன் போனாலும் வென்றவனாக இருக்கும் ஆசை போகாது. அது அடுத்தவனுடைய கைக்கு மாறும்.

எங்களுடைய காலத்திலும் அந்தப் புலி திரும்பி வந்தது. ஒடுக்கப்பட்டவர்களின் சின்னமாகத்தான் வந்தது; அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேற்றியபோது அந்தச் சின்னத்தின் அர்த்தம் என்னவாயிருந்தது? வெளியேறியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். எகிப்தியர் எங்களிடம் கேட்டது போல அவர்களும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். அதைக் கேட்க நின்றிருக்கிறோமா?

எங்களைத் துரோகிகள் என்பார்கள், சரி. தோற்ற சனத்துக்குப் பெருமை வேண்டாமா என்று இன்னும் சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்லவேண்டும். காட் கிடைக்காமல் பயந்து பயந்து மெற்றோவில் போகிற ஒருவனுக்கு, உன் பாட்டன் கடல் ஆண்டான் என்று சொன்னால் அன்றிரவு அவனுக்கு நித்திரை வரும். எங்களுக்கும் வந்திருக்கிறது. பெருமை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. முதலாளியின் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பது பெருமையல்ல என்று சொல்கிறோம். பேரரசால் நசுக்கப்பட்டு வந்தவன் இன்னொரு பேரரசின் பதக்கத்தை மாட்டினால், தன்னை நசுக்கியவனின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறான் என்று அர்த்தம். நசுக்குவது பிழையில்லை, நான் நசுக்கப்பட்டதுதான் பிழை என்று அவன் சொல்கிறான். அப்படியென்றால் ஆயிரம் ரூபாய்த் தாளில் உள்ள படத்தில் எங்களுக்கு என்ன முறைப்பாடு? ஆளை மாற்று என்பதுதானா?

பெருமைப்பட வேறு காசுகள் இருக்கின்றன. பொங்கல் மேடையில் சொன்ன மிளகுக் கதைக்கே வருவோம். கதை உண்மைதான். வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று பிளினி முதலாம் நூற்றாண்டில் புலம்பி எழுதியிருக்கிறான். அப்படி வந்த பொன்னில் ஒரு குவியல் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்தது. 501 ரோமப் பொற்காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! தற்செயலான கீறல் அல்ல. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வெட்டியது. ஏன் வெட்டினார்கள் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். எங்களுக்குச் சரியாகப் படுகிற காரணம் எளிமையானது: உன் பொன்னுக்கு எடை இருக்கிறது, எடுத்துக்கொள்கிறோம், உன் முகத்துக்கு இங்கே செல்லுபடி இல்லை.

அந்த உளியைப் பிடித்தவன் அரசனாக இருக்கமுடியாது. ஒரு தட்டானாகவோ ஒரு வணிகனிடம் கூலிக்கு நின்றவனாகவோ இருப்பான். அவனுக்குப் பெயர் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை, பதக்கம் இல்லை. இலங்கையிலும் அப்படித்தான். நாலாம் ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகள் தென், மேற்குக் கரையோரங்களில் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அவை போதாதபோது உள்ளூர்க்காரர் தாங்களே அவற்றைப் போலச் செய்துகொண்டார்கள். செய்யச் செய்யப் பேரரசனின் முகம் வெறும் புள்ளிகளாகவும், லத்தீன் எழுத்து வெறும் கோடுகளாகவும் ஆகிவிட்டது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சில்லறை. முகம் யாருடையதாயிருந்தால் என்ன?

விவியென் வீதிக் கண்ணாடிக்குள்ளும் அப்படி ஒன்று இருந்தது. அதே நீம் குற்றி, ஆனால் பாதி. அகஸ்டசின் பிடரிக்கும் அக்ரிப்பாவின் பிடரிக்கும் நடுவால் பிளந்தது. கல்லியாவிலும் ரைன் நதிப் படைமுகாம்களிலும் இப்படிப் பிளந்த பாதிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. சில்லறைக்குத் தட்டுப்பாடு வந்தபோது சனங்களும் படையாட்களும் பேரரசனை இரண்டாக வெட்டிப் பாணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கத்தில் முதலையும் இரண்டாகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். பேரரசுக்கு விழும் வெட்டு கட்டிப்போட்டவன் மேலும் விழும். அதற்கு நாங்களே சாட்சி. ஆனாலும் அந்தப் பாதிக் குற்றியைப் பார்த்தபோது எகிப்தியர் முதற்தடவையாகச் சிரித்தார்.

எங்களில் ஒருவனுடைய அம்மா கிளிநொச்சிப் பக்கம் இருக்கிறா. அந்த ஆயிரம் ரூபாய்த் தாள் கைக்கு வந்தால் முகம் உள்ளே போகும்படி நாலாக மடித்து, மடித்தபடியே கடைக்காரனிடம் நீட்டுவா என்று அவனுடைய தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள். கடைக்காரனும் விரித்துப் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவானாம். அம்மாவுக்குப் புதுக்கோட்டை தெரியாது, ரோம் தெரியாது. உளியும் இல்லை. இருந்தது மடிப்பு மட்டும்தான். எங்கள் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மடிப்பில் இருந்து தொடங்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

அடுத்த பொங்கலுக்கும் அந்தப் பெரியவர் திரையோடு வருவார். ஐயா, இந்த முறை வெட்டுப்பட்ட காசைக் காட்டுங்கள். மீனையும் வில்லையும் புலி என்ன செய்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதலையின் கழுத்தில் கிடப்பது சங்கிலி என்று சொல்லுங்கள். நாங்கள் எழும்பி நின்று கைதட்டுவோம். பேச்சு முடிந்ததும் பின்பக்கம் வந்து தட்டுக்களை அள்ளவும் ஒரு கை கொடுங்கள்.